20 அடி கராஜில் முழு அளவு பிக்கப்: நுழையுமா நுழையாதா?

பிப்ரவரி 9 (கேள்வி)

டாலஸ் பக்கம் வீடு வாங்கியிருக்கிறேன். இரண்டு கார் கராஜ், பிளானில் 20க்கு 20 அடி என்று போட்டிருக்கிறது. முழு அளவு பிக்கப் ட்ரக் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். விற்கிறவர் "தாராளமா நிக்கும்" என்கிறார். ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் யாராவது சொல்லுங்களேன், நிற்குமா?

பிப்ரவரி 9, இரவு (பதில்)

நிற்காது. விற்கிறவருக்கு என்ன, அவர் கராஜிலா நிறுத்தப் போகிறார்?

எனக்கும் இதே கதைதான். டாலஸ் பக்கத்து பிளானோ ஊரில் 1998இல் கட்டிய வீடு. மூன்று வாரம் முன்னால் 2021 ஃபோர்ட் எஃப்-150 வாங்கினேன். நான்கு கதவு சூப்பர்க்ரூ, ஐந்தரை அடி பெட் (பின்னால் சாமான் ஏற்றும் திறந்த தொட்டி), 4x4. நீளம் 231.7 இன்ச், அதாவது 19 அடி 3.7 இன்ச். பிளானில் 20 அடி, 240 இன்ச். கழித்தால் எட்டு இன்ச்சுக்கு மேல் மிச்சம். அந்தக் கணக்கை நம்பித்தான் செக்கில் கையெழுத்துப் போட்டேன்.

வீட்டுக்கு வந்து டேப்பை வைத்து அளந்தால், பின்சுவரிலிருந்து முன்சுவர் உள்பக்கம் வரை 233.5 இன்ச். அதில் கதவுக்கும் அதன் கீல்களுக்கும் 3 இன்ச் போய்விடும். பலகை பலகையாக மேலே ஏறுகிற கதவு, நிலைக்கு உள்பக்கமாகத்தான் வந்து உட்காரும். மிச்சம் 230.5. வண்டி 231.7. ஒரு இன்ச்சுக்குக் கொஞ்சம் மேலே இடிக்கிறது. மூன்று வாரமாக டிரைவ்வேயில் நிற்கிறது.

பிப்ரவரி 10

வேறு கம்பெனி பிக்கப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ராம் 1500, சில்வராடோ, டன்ட்ரா எல்லாமே நான்கு கதவும் சின்ன பெட்டும் என்றால் 231க்கும் 234க்கும் நடுவில்தான். எல்லாரும் ஒரே ஆசாரியிடம் அளவு கொடுத்த மாதிரி. எஃப்-150இலேயே ஆறரை அடி பெட் எடுத்தால் 243 இன்ச்சைத் தாண்டும். 20 அடி கராஜ்காரர் அந்தப் பக்கமே போக வேண்டாம். இதைவிடச் சின்ன பிக்கப்களில், டகோமா என்றால் 212, 213. மேவரிக் 200க்கும் கீழே.

ஊரில் இருக்கிறவர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், இன்னோவா கிரிஸ்டா 186 இன்ச். அதன் பின்னால் நாலடி மேசை ஒன்றை ஒட்டிப் போட்டால் என் வண்டி. வீடியோ காலில் காட்டியபோது தம்பி கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "பேட்ஜ் எடுத்துட்டியா?"

வாங்குகிற அன்று "ஐந்தரை அடி பெட்" என்று பெருமையாகச் சொன்னேன். "உங்க உயரத்துக்குக் காலை மடக்கித்தானே படுக்கணும்?" என்றாள் வீட்டுக்காரி.

பிப்ரவரி 12

9ஆம் தேதி எழுதியது தப்பு. ஹூஸ்டன் அண்ணன் ஒருவர் ஒரே வரியில் கேட்டார்: "எந்த உயரத்துல அளந்தீங்க?"

தரையில் அளந்தேன். டேப்பின் கொக்கி மாட்ட அங்கேதான் ஏதாவது கிடைக்கிறது. எங்கள் கராஜில் பின்சுவரின் அடியில் நாலு இன்ச் அகலத்துக்குக் காங்கிரீட் விளிம்பு ஒன்று துருத்திக்கொண்டு நிற்கும். இந்தப் பக்கத்து வீடுகளில் நிறைய இடத்தில் பார்க்கலாம். நான் அளந்தது அந்த விளிம்பிலிருந்து. ஆனால் வண்டியில் சுவரை முதலில் தொடுவது டயர் இல்லையே, பம்பர். அது விளிம்புக்கு மேலே காற்றில் அல்லவா வரும்!

இன்று பம்பர் உயரத்தில், ஒரு பலகையை மட்டம் பார்த்து வைத்து மறுபடி அளந்தேன். 237.5. கதவுக்கு 3 கழித்தால் 234.5. வண்டி போக 2.8 இன்ச் மிச்சம்.

நுழையும். அண்ணனுக்கு நன்றி. என் மூளைக்கு இல்லை.

பிப்ரவரி 12, கொஞ்ச நேரம் கழித்து

2.8 இல்லை, 2. டெக்ஸஸில் முன்னாலும் நம்பர் பிளேட் மாட்டியாக வேண்டும். அந்தப் பிளாஸ்டிக் சட்டம் முக்கால் இன்ச் துருத்துகிறது. பிரோஷரில் போடும் நீளத்தில் அது சேர்த்தி இல்லை போலிருக்கிறது, என் டேப்பில் சேர்ந்துதான் வருகிறது.

பிப்ரவரி 15

முதல் முயற்சி.

இதற்கு முன்னால் ஒரு பஞ்சாயத்து. பின்சுவரை ஒட்டி எங்கள் இரண்டாவது ஃப்ரிட்ஜ் இருந்தது. கராஜில் இரண்டாவது ஃப்ரிட்ஜ் இல்லாத தமிழ் வீட்டை நான் இந்த ஊரில் பார்த்ததில்லை. மாவு, கறிவேப்பிலை, கோவிலில் கொடுத்த புளியோதரை, எவருக்கோ வாங்கி வைத்த ஐஸ்கிரீம் எல்லாம் அதில்தான். அதன் ஆழம் 30 இன்ச். அது அங்கே இருக்கிறவரை இரண்டு இன்ச் கணக்கெல்லாம் வெறும் பேச்சு. அதை வலது பக்கச் சுவருக்கு நகர்த்தினோம். நகர்த்தினோம் என்றால் நானும் பையனும். வீட்டுக்காரி பார்த்துக்கொண்டே, "என் ஃப்ரிட்ஜ் நகருது, உங்க வண்டி நகரல" என்றாள்.

உள்ளே விட்டேன். அவள் வாசலில் நின்று கை காட்டினாள். "வாங்க, வாங்க, வாங்க... ஐயோ." இந்த "ஐயோ"வில் எத்தனை இன்ச் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. இறங்கிப் போய்ப் பார்த்தால் முன்னால் ஒரு சாண் இடம் கிடக்கிறது.

ஏழாவது தடவையில்தான் உறைத்தது. வண்டி கோணலாக நிற்கிறது. கண்ணுக்கு நேராகத்தான் தெரியும். 3 டிகிரி திரும்பியிருந்தாலே 80 இன்ச் அகல வண்டி கூடுதலாகக் கிட்டத்தட்ட 4 இன்ச் நீளத்தைச் சாப்பிட்டுவிடும். பம்பரின் முனைகள் வளைந்திருப்பதால் முழு நாலும் போகாது. ஆனால் நம்மிடம் இருப்பதே இரண்டு. இப்போது டிரைவ்வே காங்கிரீட்டில் இருக்கும் கோட்டின் மேல் இடது டயரைப் பிடித்துக்கொண்டு, தெரு முனையிலிருந்தே நேராக்கி வருகிறேன். கராஜ் வாயில் வந்து ஸ்டியரிங்கைத் திருப்பினால் போச்சு.

கதவு மூடியது. உள்ளே இருட்டு. நானும் அவளும் கை தட்டினோம்.

பிப்ரவரி 16

அகலம், உயரம் பற்றிக் கேட்டவர்களுக்கு. உயரம் பிரச்சினை இல்லை. வண்டி 77 இன்ச், கதவு 7 அடி, அதாவது 84. வண்டியை லிஃப்ட் பண்ணிப் பெரிய டயர் மாட்டுகிறவர்கள் தனி ஜாதி, அவர்கள் வேறு இடத்தில் கேட்கவும்.

அகலத்தில் ஏமாறாதீர்கள். பிரோஷரில் 79.9 என்று இருப்பது பக்கக் கண்ணாடி இல்லாமல். கண்ணாடியை விரித்தால் 95க்கு மேல், மடக்கினால் 83.6. 16 அடி கதவு என்றால் சமாளிக்கலாம். இரண்டு தனித்தனிக் கதவு வைத்த கராஜில் ஒவ்வொன்றும் 8 அடிதான் என்றால் அது 96 இன்ச். கண்ணாடியை மடக்காமல் போனால் இரண்டு பக்கமும் விரல் நுழையாது.

பக்கத்தில் உட்காருகிறவர்கள் வெளியிலேயே இறங்கிவிட வேண்டும். என் வீட்டில் இப்போது இது சட்டம்.

பிப்ரவரி 18

சக்கரத்துக்கு முன்னால் தடை வைக்க ஒரு கட்டையைத் தரையில் போல்ட் போட்டு இறுக்கலாம் என்று துளைபோடும் மெஷினோடு குனிந்தேன். கதவுப் பக்கத் தரையில், பத்து வருடமாக மிதித்துக்கொண்டு போகிற இடத்தில், காங்கிரீட்டிலேயே ஒரு முத்திரை பதிந்திருக்கிறது. போஸ்ட்-டென்ஷன் தளம், வெட்டாதே, துளைக்காதே.

இந்தப் பக்கம் களிமண். மழையில் ஊதும், கோடையில் வெடிக்கும். அதனால் வீட்டின் அடித்தளத்துக்குள் இரும்புக் கேபிள்களை ஓட்டி, காங்கிரீட் இறுகியதும் அவற்றை இழுத்துப் பூட்டியிருப்பார்கள். ஒவ்வொரு கேபிளும் டன் கணக்கான இழுவிசையில் நிற்கிறது. அதில் துளை விழுந்தால் பார்க்கிங் எல்லாம் அப்புறம், முதலில் தரையே போய்விடும். டெக்ஸஸ்காரர்கள் எல்லாரும் இன்றே போய்த் தரையைப் பாருங்கள்.

ரப்பர் தடை வாங்கி, கட்டுமானப் பசை போட்டு ஒட்டினேன். ஒரு நாள் காய விட்டேன். நிற்கிறது.

பிப்ரவரி 23

நேற்று கதவு அடி வாங்கியது. முழுக்க என் தப்பு. ஆனால் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நான் நம்பியிருந்த ஒன்று பொய் என்று தெரிந்தது.

கராஜ் கதவின் இரண்டு பக்கமும் கீழே சின்னக் கண் மாதிரி சென்சார் இருக்கும் அல்லவா? ஒளிக்கதிர் குறுக்கே போகும், நடுவில் ஏதாவது வந்தால் கதவு இறங்காமல் மேலே திரும்பிவிடும். 1993இலிருந்து அமெரிக்காவில் விற்கும் எல்லா மோட்டாருக்கும் கட்டாயம். வண்டி கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் கதவு அதன் மேல் இறங்காது என்று நிம்மதியாக இருந்தேன்.

அந்தக் கண் தரையிலிருந்து 6 இன்ச்சுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. தவழும் குழந்தையைப் பார்க்க வேண்டுமே, அதற்காக. பிக்கப்பின் பின் டயர் பம்பருக்கு மூன்றடிக்கு மேல் முன்னாலேயே நின்றுவிடுகிறது. பம்பரின் அடிப்பாகம் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில். கதிர் அதன் கீழே காற்றில் சுகமாகப் போய்ச் சேர்கிறது. சென்சாரைப் பொறுத்தவரை கராஜ் வாசலில் எதுவுமே இல்லை!

சனிக்கிழமை நண்பர் வீட்டு ட்ரெய்லரை இழுத்துக் கொடுத்துவிட்டு வந்தேன். ஹிட்ச்சில் (வண்டியின் பின்னால் ட்ரெய்லர் மாட்டும் இடம்) செருகியிருந்த உருண்டை வைத்த இரும்பைக் கழற்ற மறந்துவிட்டேன். அது பின்னால் எட்டு இன்ச் நீட்டும். ரப்பர் தடை வரைக்கும் சரியாக வந்து நிறுத்தினேன், டென்னிஸ் பந்தும் சரியாக முன்கண்ணாடியைத் தொட்டது (பந்தைப் பற்றி அப்புறம்), பொத்தானை அழுத்திவிட்டு வீட்டுக்குள் போனேன். டமார்.

மோட்டார் எதன் மேலாவது முட்டினால் திரும்பும், திரும்பியது. வண்டிக்கு ஒன்றும் இல்லை. கதவின் கீழ்ப்பலகையில் உருண்டை அளவுக்கு ஒரு குழி. எங்கள் கதவு 21 இன்ச் பலகை நான்கு சேர்ந்தது, கீழ்ப்பலகையை மட்டும் மாற்றலாம். விலை கேட்டேன். குழி அப்படியே இருக்கட்டும் என்று முடிவு.

இப்போது பொத்தானை அழுத்திவிட்டு, கதவு தரையைத் தொடும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே போகிறேன்.

பிப்ரவரி 24

"சென்சாரை மேலே ஏற்றி மாட்டலாமே" என்று எழுதியவருக்கு: வேண்டவே வேண்டாம். பிள்ளைகள் இருக்கிற வீடு. பம்பருக்கு என்று இன்னொரு ஜோடி சென்சார் கூடுதலாக மாட்டினால் அது வேறு விஷயம், கீழே இருப்பது கீழேயே இருக்கட்டும்.

மார்ச் 2

கேள்வி கேட்ட நண்பர் கராஜ் படத்தைப் போட்டிருக்கிறார். பார்த்தேன். உங்கள் கதை வேறு, அண்ணே. பின் மூலையில் கேஸ் வாட்டர் ஹீட்டர், 18 இன்ச் மேடை மேல். அந்த மேடை அழகுக்கு இல்லை. தரையில் படியும் பெட்ரோல் ஆவி தீப்பொறியைத் தொடாமல் இருக்க, நெருப்பு பிடிக்கும் பாகம் 18 இன்ச் உயரத்தில் இருக்க வேண்டும் என்று கட்டடச் சட்டத்தில் இருக்கிறது. அதற்கு முன்னால் காங்கிரீட் நிரப்பின இரும்புத் தூண் நிற்கிறதே, அது உங்களைப் போன்றவர்களுக்காகத்தான். அந்தப் பக்கம் இரண்டடிக்கு மேல் போச்சு. இன்னொரு பக்கம் வீட்டுக்குள் ஏறும் படி. எனக்கு ஹீட்டர் பரணில் இருக்கிறது, படி பக்கச் சுவரில் இருக்கிறது. அது என் அதிர்ஷ்டம், சாமர்த்தியம் இல்லை.

சுவரில் ஷீட்ராக்கை (ஜிப்சம் பலகை) வெட்டி, கட்டைகளுக்கு நடுவே பம்பரை நுழைத்தால் மூன்று இன்ச் கிடைக்கும் என்று ஒருவர் யோசனை சொல்கிறார். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் வீடு. கராஜில் தீ பிடித்தால் வீட்டுக்குள் வர நேரம் ஆக வேண்டும் என்றுதான் அரை இன்ச் ஷீட்ராக் போட்டிருக்கிறார்கள். மூன்று இன்ச்சுக்காக அதில் ஓட்டை போடாதீர்கள்.

ரிவர்ஸில் விடலாமா என்றால், விடலாம். பின் கேமரா இருப்பதால் சுவர் வரை துல்லியமாகப் போகலாம், காலையில் நேராக ஓட்டிக்கொண்டு போகலாம். நான் ஒரு வாரம் செய்தேன். காஸ்ட்கோ கடையிலிருந்து வந்தால் டெயில்கேட் (பெட்டின் பின்கதவு) சுவரைப் பார்த்து நிற்கிறது, அரிசி மூட்டையைப் பக்கவாட்டில் எக்கித் தூக்க வேண்டும். முதுகு பிடித்துக்கொண்டது. மறுபடி முன்பக்கமாகவே.

மார்ச் 9

பந்து. கூரையில் கொக்கி போட்டு, கயிற்றில் டென்னிஸ் பந்தைக் கட்டி, வண்டி சரியான இடத்தில் நிற்கும்போது முன்கண்ணாடியில் படுகிற மாதிரி தொங்கவிட்டிருக்கிறேன். லேசர் விளக்கு, பீப் அடிக்கிற பெட்டி எல்லாம் விற்கிறார்கள். பந்து ஒரு டாலர். இரண்டு இன்ச் கணக்குக்குப் பந்து மட்டும் போதாது, ரப்பர் தடையும் வேண்டும். பந்து "மெதுவா" என்கிறது, தடை "போதும்" என்கிறது.

அம்மா கும்பகோணத்திலிருந்து ஆறு மாத விசாவில் வந்திருக்கிறார். முதல் நாள் கராஜில் நின்று பந்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது திருஷ்டிக்கா?"

"இல்லம்மா, வண்டி நிறுத்த."

"புது வண்டிக்குத் திருஷ்டிக்கு ஒண்ணும் கட்டலையா அப்போ?"

மறுநாள் பந்துக்குக் கீழே ஒரு எலுமிச்சம்பழமும் ஏழு பச்சை மிளகாயும். பழத்தின் கனத்தில் கயிறு இழுபட்டு, பந்து ஒரு இன்ச் இறங்கிவிட்டது. கயிற்றைச் சுருக்கிக் கட்டினேன். எலுமிச்சையை எடுக்கச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. அதுவும் கதவு அடி வாங்கிய கதையை அவரிடம் சொன்ன பிறகு.

மார்ச் 11

முன்பு எழுதாமல் விட்டது, எழுத வெட்கமாக இருந்தது. டிரைவ்வேயில் நின்ற காலத்தில் குளிருக்கு வீட்டுக்குள்ளிருந்தே ஃபோனில் இஞ்சினை ஸ்டார்ட் செய்வது பழக்கம். வண்டி கராஜுக்குள் போன பிறகும் ஒரு நாள் காலையில் கை தானாக அழுத்திவிட்டது. கதவு மூடி இருக்கிறது, இஞ்சின் உள்ளே ஓடுகிறது, கராஜுக்கு மேலே பையனின் அறை. காபி டம்ளரைப் போட்டுவிட்டு ஓடினேன். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. அன்றே அந்த வசதியை அணைத்துவிட்டேன். வண்டியை உள்ளே கொண்டுபோகிற எல்லாரும் முதலில் இதைச் செய்யுங்கள், டேப்பைத் தேடுவது அப்புறம்.

ஏப்ரல் 13

"இவ்வளவு அவஸ்தை எதற்கு, வெளியிலேயே நிற்கட்டுமே" என்று நடுவில் இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். நேற்று ராத்திரி பதில் கிடைத்தது.

வடக்கு டெக்ஸஸில் வசந்த காலம் என்றால் ஆலங்கட்டி. ஒன்பது மணிக்கு ஃபோன் எல்லாம் ஒன்றாக அலறின. பத்து நிமிடத்தில் கூரையில் யாரோ மூட்டை மூட்டையாகக் கொட்டாங்கச்சி கொட்டுகிற சத்தம். அம்மா நெற்றியில் விபூதி வைத்துக்கொண்டு படிக்கட்டுக்கு அடியில் உட்கார்ந்துவிட்டார். சத்தம் குறைந்ததும் கதவை அரையடி தூக்கிப் பார்த்தேன். புல்வெளி முழுக்க எலுமிச்சம்பழ அளவுக்கு வெள்ளை உருண்டை.

2015 மாடலிலிருந்து எஃப்-150இன் உடம்பு அலுமினியம். ஆலங்கட்டிக் குழியைத் தட்டி எடுப்பது இரும்புத் தகட்டை விட இதில் கஷ்டம், செலவும் அதிகம். இன்று காலை தெருவில் நின்ற வண்டிகளின் பானெட்டைப் பார்த்தால் பணியாரக் கல் மாதிரி இருக்கிறது. பாவம். இன்ஷூரன்ஸ் கொடுக்கும், ஆனால் டிடக்டபிள், அதாவது முதலில் நாம் போட வேண்டிய பங்கு, நம் தலையில்.

என் வண்டியில் ஒரு குழி இல்லை. அவளுடைய வண்டியிலும் இல்லை. அம்மா எலுமிச்சம்பழத்தை மாற்றிப் புதிதாகக் கட்டிவிட்டார்.

ஏப்ரல் 13, மதியம்

கேள்வி கேட்டவர் கடைசியில் டகோமா வாங்கிவிட்டாராம். 213 இன்ச்சுக்குள். ஹீட்டர் இல்லாத பக்கத்தில், படிக்கு முன்னால் நிற்கிறதாம், ஒரு முழம் மிச்சமாம். பொறாமையாகத்தான் இருக்கிறது.

ஏப்ரல் 13, மாலை

ஒன்று சொல்ல விட்டுப்போச்சு. ஃப்ரிட்ஜை வலது சுவருக்கு நகர்த்தினேன் இல்லையா? ட்ரக் உள்ளே நிற்கும்போது அதற்கும் ஃப்ரிட்ஜுக்கும் நடுவில் ஐந்து இன்ச். ஃப்ரிட்ஜ் கதவு திறக்கிற வழியில்லை. இரண்டு மாதமாகத் தினமும் யாராவது ட்ரக்கை வெளியே எடுத்துவிட்டுத்தான் மாவு எடுக்கிறோம். அந்த யாராவது நான்தான்.

கூப்பிடுகிறாள். நாளைக்கு இட்லியாம்.